எண்ணூற்றுப் பத்துச் சுற்று

அந்த வழக்கில் நான் முதலில் தாக்கல் செய்த மனு பதினெட்டுப் பக்கம். அரசியலமைப்பின் 21-ஏ பிரிவு இருந்தது. 1992-இன் மோகினி ஜெயின் தீர்ப்பும் 1993-இன் உன்னிகிருஷ்ணன் தீர்ப்பும் பத்தி பத்தியாக இருந்தன. பள்ளிக்கூடம் போகவேண்டிய ஒரு பிள்ளையின் பெயர்கூட அதில் இல்லை.

2013 ஜூலை என்று நினைவு. தென்மாவட்டக் கரிசல் கிராமம் ஒன்றிலிருந்து மூன்று பேர் அலுவலகத்துக்கு வந்தார்கள். ஊராட்சித் தலைவராக இருந்த பெரியவர்தான் பேசினார். மற்ற இருவரும் தலையாட்ட வந்தவர்கள்.

"வக்கீலய்யா, பள்ளிக்கூடம் நிக்கிற இடம் எங்கப்பா எழுதிக்கொடுத்தது. காமராசர் காலத்துல. கல்வெட்டே இருக்கு. இப்ப பூட்டிப் போட்டாங்க."

"பூட்டுனது யாரு?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. சொல்லப்போனால் யாரிடமும் எளிதில் கிடைக்காது. பலகையில் 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்று எழுதியிருக்கும். 1958-ஆம் ஆண்டு பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு, மாவட்ட போர்டு நடத்திவந்த பள்ளிகள் ஒன்றியங்களின் கைக்கு வந்தன. சுற்றுப்பட்டிலுள்ள பத்துநாற்பது ஊர்களின் சின்னப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒன்றியம்தான் வீட்டுக்காரர். 1981 ஜூனில் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அதற்குப் பிறகு கட்டடம் ஒன்றியத்தினுடையது, ஆசிரியர் கல்வித் துறையினுடையவர், மதியச் சோறும் முட்டையும் சத்துணவுக் கணக்கு. தமிழ்நாட்டில் அப்போது இருந்த 385 ஒன்றியங்களிலும் இதே கதைதான். ஓடு உடைந்தால் பி.டி.ஓ.வைப் பார், வாத்தியார் வராவிட்டால் ஏ.இ.இ.ஓ.வைப் பார் என்பார்கள். பள்ளியையே காணோம் என்றால் யாரைப் பார்ப்பது? எதற்கும் இருக்கட்டும் என்று கலெக்டரிலிருந்து சத்துணவு வரை ஆறு எதிர்மனுதாரர்களைப் போட்டேன்.

மூடிய உத்தரவின் நகல் கேட்டேன். அப்படி ஒன்று இல்லவே இல்லை. இந்த வேலை எப்படி நடக்கும் என்பது பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. முதலில் பிள்ளைகள் குறைந்த பள்ளி என்று ஒரு பட்டியல் தயாராகும். பணிநிரவலில் ஓர் ஆசிரியர் 'உபரி' ஆகி வேறு ஊருக்குப் போவார். மிச்சமிருக்கும் தலைமையாசிரியருக்கு 'மாற்றுப்பணி' என்று ஒரு தாள் வரும், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு. ஆசிரியர் போகிற இடத்துக்குப் பிள்ளைகளும் போகவேண்டியதுதான். அதற்குப் பெயர் 'இணைப்பு'. மூடல் என்ற சொல் எந்தக் கோப்பிலும் வராது. சாவியை மட்டும் சத்துணவு ஆயாவிடம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பெரியவருக்குப் பள்ளி வயதில் பிள்ளை கிடையாது என்பதால் பொதுநல வழக்காகத்தான் போட முடிந்தது. மதுரைக் கிளையில் இரு நீதிபதிகள் அமர்வு முன் வந்தது. அரசு வழக்கறிஞர் நோட்டீஸ் எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் வாய்தா கேட்டார். அடுத்த வாய்தாவில் கவுண்டரோடு, அதாவது பதில் மனுவோடு, வந்தார். நான் எழுந்து 21-ஏ பிரிவை ஆரம்பித்தேன். மூத்த நீதிபதி கையை லேசாக உயர்த்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். இந்தப் பள்ளிக்கும் அந்தப் பள்ளிக்கும் தூரம் எவ்வளவு?"

எனக்குத் தெரியாது. மாட்டுத்தாவணியைத் தாண்டி ஒத்தக்கடைப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாக் கிராமமும் எல்லாக் கிராமத்துக்கும் பக்கம்தான். "ஒரு கிலோமீட்டருக்கு மேல இருக்கும், மை லார்ட்" என்றேன். குரலிலேயே உத்தேசம் தெரிந்திருக்கும்.

"850 மீட்டர், மை லார்ட்." அரசு வழக்கறிஞர் ஒரு வண்ண வரைபடத்தை நீட்டினார். இரண்டு புள்ளி, நடுவே ஒரு சிவப்புக் கோடு. கட்டாயக் கல்விச் சட்டத்தின் விதிகளில் ஐந்தாம் வகுப்பு வரை அருகமைப் பள்ளி என்பது ஒரு கிலோமீட்டருக்குள். மத்திய அரசின் 2010 விதியும் அதுதான், நம்முடைய 2011 விதியும் அதுதான். ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஆனால் அவர் உட்காரவில்லை. "இன்னொன்று, மை லார்ட். மனுதாரரின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் டவுனில் மெட்ரிகுலேஷன் பள்ளியில் படிக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு வேன் வருகிறது."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். பாதிக்கப்பட்ட பெற்றோர் யாராவது வந்தால் தனி மனு போட்டுக்கொள்ளலாம் என்ற உரிமையோடு, வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். பெரியவர் வராந்தாவில் நின்றிருந்தார். நான் கோபமாக ஏதோ சொல்லப்போக, அவர் முந்திக்கொண்டார். "என் பேரன் படிக்கலேன்னா எங்கப்பன் கல்வெட்டு பொய்யாயிருமா ஐயா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்றும் இல்லை.

என்னைத் தோற்கடித்த கவுண்டரை அன்று ராத்திரி நிதானமாகப் படித்தேன். அதைக் கோர்ட்டில் எழுந்து நிற்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டும். மூன்றாவது இணைப்பாகப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல் ஒன்று இருந்தது. சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். 'மாணவர் நலன் கருதி' பக்கத்துப் பள்ளியோடு இணையக் குழு ஒருமனதாகச் சம்மதிக்கிறது என்று நீல மையில் அழகான கையெழுத்து. அழகு ஆசிரியருடையது. கீழே பதினொரு கையொப்பங்கள். முதலாவது குழுத் தலைவர், ஒரு பெண். எழுத்துக் கூட்டிப் போட்ட கையெழுத்து. எனக்குச் சாட்சியைத் தேடிக் கொடுத்தது எதிர்த்தரப்புதான்.

அக்டோபர் கடைசியில் போனேன். இரண்டு நாள் மழை பெய்து விட்டிருந்தது. கரிசல் மண் நனைந்தால் நடப்பவன் காலோடு வீட்டுக்கு வரும். பத்து அடிக்கு ஒருமுறை நின்று செருப்பிலிருந்து குச்சியால் வழித்துப் போட வேண்டியிருந்தது.

ஆயா கதவைத் திறந்துவிட்டார். ஓட்டுக் கட்டடம். சுவரில் தரையோடு ஒட்டினாற்போல் குட்டிக் கரும்பலகைகள் அடித்திருந்தார்கள். செயல்வழிக் கற்றல் வந்தபோது, பிள்ளைகள் உட்கார்ந்தபடியே எழுத வரைந்தவை. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடுவதற்கு. ஒரே ஒரு காகிதக் கிளி, பச்சை போய் வெளுத்து, கதவு திறந்த காற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு கரும்பலகையில் கடைசிக் கணக்கு பாதியில் நின்றது. 43-லிருந்து 17 போக என்று எழுதிக் கடன் வாங்கியிருந்தார்கள். விடை போடவில்லை.

பள்ளியில் கடைசியாக இருந்தது ஏழு பிள்ளைகள். ஏழு பேரும் காலனியைச் சேர்ந்தவர்கள். ஊருக்குள்ளிருந்து எல்லோரும் வேனில் ஏறிவிட்டார்கள். பெரியவர் இதை என்னிடம் சொல்லவில்லை. மறைத்தார் என்றும் சொல்லமுடியாது, சொல்லத் தோன்றியிருக்காது. நானும் கேட்கவில்லை.

குழுத் தலைவர் கருவேல விறகு வெட்டப் போயிருந்தார். மதியம் வந்தார். முப்பது வயதிருக்கும். அதே பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். மகள் மூன்றாம் வகுப்பு. நகலை நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"என் கையெழுத்துதான் சார். முட்டை வந்ததுக்கு ஒண்ணு, சீருடை வந்ததுக்கு ஒண்ணுன்னு வாங்குவாங்க. இந்தப் பக்கத்துல அன்னிக்கு எழுத்து இல்ல. கீழ போடுங்கன்னாங்க, போட்டேன்."

வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியதை நிரூபிப்பது கஷ்டம். ஆனால் தீர்மானம் நடந்ததாகச் சொன்ன தேதியில் அவரும் இன்னும் நாலு பேரும் நூறுநாள் வேலைக்குப் போய், மஸ்டர் ரோலில் காலையும் மாலையும் பெயர் பதிந்திருந்தது. பத்தரை மணிக்குப் பள்ளியில் கூட்டம் என்று தீர்மானம் சொன்னது. அரசுப் பதிவேடு ஒன்று இன்னொன்றைப் பொய்யாக்கினால், வக்கீலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

மீதி இருந்தது தூரம். டேப் கொண்டுபோயிருந்தேன், முப்பது மீட்டர் டேப். இரண்டு முறை விரித்ததும் சேறு ஏறி மடங்க மறுத்தது. அப்போது பெரியவர் தன் சைக்கிளைக் கொடுத்தனுப்பினார். தான் வரவில்லை, மூட்டு வலி என்றார். பின்சக்கரத்தை ஒரு கயிற்றால் சுற்றி அளந்தோம். ஒரு சுற்று இரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர். ஆரக்கம்பியில் சிவப்புத் துணி கட்டினோம். துணி கீழே வரும்போதெல்லாம் ஒன்று. எண்ணுவது மூன்றாம் வகுப்புக்காரி. நூறு ஆனதும் அம்மாவின் முந்தானை முடிச்சிலிருந்து ஒரு புளியங்கொட்டையை எடுத்து என் சட்டைப் பையில் போடவேண்டும். இந்த ஏற்பாடு அவளுடையது. நூறுகளைக் கொட்டையாக மாற்றத்தான் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்களாம்.

முதலில் குறுக்குப் பாதை. கருவேலங்காட்டுக்குள் நுழைந்து ஓடையில் இறங்கி ஏறுவது. 560 சுற்று, அதாவது 1,176 மீட்டர். அதுவும் ஓடை வற்றிய மாதத்துக் கணக்கு. அன்று ஓடையில் என் இடுப்பளவு தண்ணீர். கரையில் நிறுத்திவிட்டு, அக்கரைக்குச் சைக்கிளைக் கொண்டுபோய் மறுபுறமிருந்து அளந்து கூட்டினோம். ஓடையின் அகலத்துக்குக் கயிறு வீசினோம். சிவப்புக் கோட்டில் ஓடை இல்லை. காடும் இல்லை. வானத்திலிருந்து பார்த்தால் 850 மீட்டர் சரிதான். பருந்துக்குப் பள்ளிக்கூடம் வைத்தால் உதவும்.

பிறகு சாலை வழி. பாலம் சுற்றிப் போக வேண்டும். தண்ணீர் நிற்கும் நாலு மாதமும் பிள்ளைகளுக்கு இதுதான் பாதை. சிறுமி சத்தமாக எண்ணிக்கொண்டு வந்தாள். எனக்கும் ஒரு மாதிரி உற்சாகமாகத்தான் இருந்தது. ஐந்தாவது கொட்டை, ஆறாவது கொட்டை. பாலம் தாண்டி அடுத்த ஊரின் முதல் வீடு வந்தது. அதற்கப்பால் ஒரு கோயில் முக்கு, அங்கிருந்து நேர்த்தெரு, தெரு முடிவில் பள்ளி.

கோயில் முக்கில் எண்ணிக்கை நின்றது. சக்கரம் உருண்டுகொண்டுதான் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். தாய் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தார். சிறுமியும் தன்னுடையதைக் கழற்றி, எண்ணத் தெரியாதவள்போல் தலை குனிந்து நடந்தாள். திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்களை ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் செருப்போடு நடந்துகொண்டிருந்தேன். சேறு அப்பிய செருப்பு. அதைக் கழற்றுவதா, இருக்கட்டும் என்று விடுவதா என்று யோசிப்பதற்குள் தெரு முடிந்துவிட்டது. எண்ணிக்கையை மட்டும் விடாமல் மனசுக்குள் பிடித்துக்கொண்டேன். பள்ளி வாசலில் சிறுமி என்னைப் பார்த்து, "எண்ணூத்திப் பத்தா சார்?" என்றாள். அவளும் விடாமல் எண்ணித்தான் வந்திருக்கிறாள், உதடு அசையாமல்.

எண்ணூற்றுப் பத்து. 1,701 மீட்டர்.

திரும்பும்போது தாயிடம் கேட்டேன். "இந்தத் தெருவைப் பத்தி அஃபிடவிட்ல ஒரு பாரா எழுதலாம். சட்டத்துல இடம் இருக்கு." உண்மையிலேயே இருந்தது. கல்விச் சட்டத்தின் 8-ஆவது பிரிவில், ஒதுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகள் பாகுபாட்டால் படிப்பை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்று நேராகவே சொல்லியிருக்கிறது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு இருக்கிறது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. என் பதினெட்டுப் பக்கத்தைவிட அந்த ஒரு பாரா கனமாக இருந்திருக்கும்.

"வேணாம் சார்."

"ஏன்?"

"ரேசன் கடை அந்தத் தெருவுலதான் இருக்கு."

நான் மறுபடி வற்புறுத்தவில்லை. கட்சிக்காரர் சொல்லாததை வக்கீல் எழுத முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சரியான விதிதான். எனக்கு அது அன்று வசதியாகவும் இருந்தது.

இரண்டாவது மனு ஐந்து பக்கம். மனுதாரர், அந்தத் தாய். தனிநபர் மனு என்பதால் ஒற்றை நீதிபதியிடம் போனது. முதல் பக்கத்திலேயே பிள்ளையின் வகுப்பு, வீடு, மூன்று தூரங்கள். சைக்கிள் சக்கரத்தில் அளந்தது என்றும் எழுதினேன். ஜூனியர் வேண்டாம் என்றார், சிரிப்பார்கள் என்று. நீதிபதி அந்த வரியைத்தான் இரண்டு முறை படித்தார். விதியில் 'தூரம்' என்று இல்லை, 'நடக்கும் தூரம்' என்று இருக்கிறது என்பதையும், வெள்ளம், வழியில்லாமை, சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து உள்ள இடங்களில் அந்த ஒரு கிலோமீட்டரையும் குறைக்க வேண்டும் என்று மத்திய விதி சொல்வதையும் எடுத்துக் காட்டினேன். அரசுத் தரப்பில் புது வாதம் வந்தது. ஏழு பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்குத் தவறாமல் வருகிறார்கள், வருகைப் பதிவேடு இருக்கிறது என்றார்கள். இருந்தது. ஓடையில் தண்ணீர் இடுப்புக்கு மேல் போன வாரத்திலும் ஏழு பேரும் ஆஜர். நீதிபதி பதிவேட்டைக் கீழே வைத்துவிட்டுத் தாலுகா சர்வேயரை இரு தரப்பு முன்னிலையில் நடக்கும் வழியை அளக்கச் சொன்னார்.

சர்வேயர் சாலை வழியை 1,680 மீட்டர் என்று அறிக்கை கொடுத்தார். எனக்கும் அவருக்கும் 21 மீட்டர் வித்தியாசம். "சக்கரத்துல காத்துக் கம்மியா இருந்திருக்கும் கவுன்சல்" என்றார் நீதிபதி. சிரித்த முகத்தோடு சொன்னாலும் கணக்கு சரி. காற்று இறங்கினால் சக்கரம் சின்னதாகும், சுற்று கூடும்.

2014 ஜனவரியில் உத்தரவு. நாலே பக்கம். ஒரு கிலோமீட்டருக்குள் எல்லாக் காலத்திலும் நடக்கக்கூடிய வழி இல்லாதவரை அந்தப் பள்ளி நடக்க வேண்டும். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்று சட்டத்தின் அட்டவணை சொல்வதால் இரண்டு பேரையும் நாலு வாரத்தில் அனுப்ப வேண்டும். தீர்மானத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. மாற்றுப்பணியில் போன தலைமையாசிரியர் திரும்பி வந்தார். இரண்டாமவர் வர ஜூன் ஆனது. அதற்குள் ஒரு அவமதிப்பு நோட்டீஸ் அனுப்ப வேண்டியிருந்தது. திறந்த அன்று ஐந்து பிள்ளைகள்தான். மற்ற இருவரும் பெற்றோரோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள். பெரியவர் கல்வெட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, எழுத்துக்கு நீலம் பூசியிருந்தார். என் ஃபீஸை அவர்தான் கொடுத்தார், மூன்று தவணையில், ஒவ்வொரு முறையும் கேட்காமலே.

உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்க அந்தத் தாய் மதுரைக்கு வந்தார். மகளையும் கூட்டி வந்திருந்தார். சிறுமி என் மேசையிலிருந்த முத்திரைக் கட்டையைத் தாளில் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நாலு பக்கத்தையும் தமிழில் விளக்கினேன். கடைசிவரை கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இதுல அந்தத் தெருவைப் பத்தி எதுவும் இருக்கா சார்?"

"இல்லம்மா. ஒரு வரிகூட இல்ல."

"சரி சார்" என்றார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். "அப்ப ஊருல எல்லாருகிட்டயும் காட்டலாம்."

பிறகு மாட்டுத்தாவணிக்கு எந்த பஸ் போகும் என்று கேட்டார்.